கல்யாண ஃபேன்

கல்யாண வீட்டில் அக்கினி வளர்க்க ஆரம்பித்ததும் யாராவது ஒருவர், "ஃபேனை நிறுத்துங்கப்பா" என்று கத்துவது வழக்கம். ஃபேன் ஓடினால் குத்துவிளக்கு அணையும், ஓமப் புகை மணப்பெண்ணின் கண்ணுக்குள் போகும். ஃபேன் நின்றால் வந்த கூட்டம் வேர்த்து வழியும். இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் நடுவில்தான் நம் ஊர்த் தாலிகளெல்லாம் கட்டப்பட்டு வந்தன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மண்டபங்கள் சிலவற்றில் மட்டும் கொஞ்ச காலம் அந்தக் கத்தல் கேட்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் அப்பாவின் கம்பெனி. கம்பெனி என்று சொல்வது மாமாதான். அப்பா அதைப் பட்டறை என்பார். அம்மா கோபத்தில் இருந்தால் வேறு பெயர்களும் வைப்பாள்.

அப்பா முதலில் சென்னையில் ஒரு பெரிய ஃபேன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் வீடு திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். விடிந்ததும் ரயில், இருட்டியதும் ரயில் என்று ஓடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் மத்தியான ரயிலில் வந்து இறங்கினார். உடம்பு சரியில்லையோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்றாராம். அடுத்தவன் பெயர் போட்ட ஃபேனையே ஆயுசு முழுவதும் செய்துகொண்டிருக்க முடியாது என்பது அவர் சொன்ன ஒரே விளக்கம். அவருக்கு நீளமாகப் பேச வராது. அதனால் அம்மா எவ்வளவு நீளமாகச் சண்டை போட்டாலும் அது ஒரு கை ஓசையாகவே முடிந்துவிடும்.

வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. அதில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலையை ஆரம்பித்தார். கிணற்று மோட்டார், அரிசி மில் மோட்டார் எல்லாம் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். பிறகு சொந்தமாக ஒன்று செய்தார். எங்கள் தெருக்கோடியில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர், துருத்தி ஊத ஆள் நிற்கமாட்டேன் என்கிறான் என்று புலம்பியதைக் கேட்டு, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சின்ன மோட்டாரும் அதன் முனையில் ஒரு காற்றாடியும் செய்து கொடுத்தார். அது ஊதிய வேகத்தில் கங்கு பறந்து கொல்லரின் வேட்டியில் விழுந்து ஓட்டையானது. ஆனாலும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை. சோழவரத்திலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் கொல்லர்கள் வந்து அதே போல வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா வேகத்தைக் கொஞ்சம் குறைத்துச் செய்து கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் ஃபேன். செய்த ஃபேன் ஒவ்வொன்றையும் எங்கள் கூடத்து உத்தரத்தில் மாட்டி ஒரு ராத்திரி ஓடவிட்டுத்தான் அப்பா வெளியே கொடுப்பார். நாங்கள் அதன் கீழே படுத்துத் தூங்குவோம். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதனால் எங்களுக்கு தினம் ஒரு புது ஃபேன். ஊரார் பொறாமைப்பட்டார்கள். ஆனால் எங்கள் தலைக்கு மேலே சுற்றியதில் ஒன்றுகூட எங்களுடையதில்லை என்பதும், ஆர்டர் இல்லாத நாட்களில் நாங்கள் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு படுத்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பட்டறையில் கம்பி சுற்றும் வேலை அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. இடது கைக்காரி. கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் விருந்திலேயே மறந்துபோய் இடது கையால் சோறு பரிமாறிவிட்டாளாம். அதை அவர்கள் சொல்லிச் சொல்லிக் காட்டி, கடைசியில் ஆடி மாதத்துக்குப் பிறந்த வீடு வந்தவளைக் கூப்பிட்டுப் போக யாரும் வரவேயில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பேசப்பட்டது இந்த ஒன்றுதான். யாராவது விருந்தாளி வந்தால் அத்தை இடது கையை முந்தானைக்குள் சுற்றி மறைத்துக்கொள்வாள். கையில் ஏதோ காயம் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவச் சொன்னவர்கள்கூட உண்டு. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவள் போகமாட்டாள்.

பட்டறைக்குள் போனால் மட்டும் அந்தக் கை வெளியே வரும். கம்பி சுற்றும் மெஷின் என்பது ஒரு மேசையும், கைப்பிடி வைத்த ஒரு சின்ன உருளையும்தான். எல்லோரும் இந்தப் பக்கம் உட்கார்ந்து வலது கையால் சுற்றுவார்கள். அத்தை எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து இடது கையால் சுற்றுவாள். தலைமயிர் கனத்தில் இருக்கும் செம்புக் கம்பி அவள் விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்று ஏறாது. அப்பா பழைய தொழிற்சாலையில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். அக்காவைப் போல இன்னொரு கையைப் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் அதை மறுத்ததில்லை. அத்தை விஷயத்தில் மட்டும் அவர்கள் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு வகைக் கம்பிச்சுருள் உண்டு. ஒன்று மோட்டாரை ஓட்டும். இன்னொன்று எந்தப் பக்கமாக ஓடவேண்டும் என்று அதற்குச் சொல்லும். முதல் வகையை அப்பா சுற்றுவார். இரண்டாவதை அத்தை சுற்றுவாள். அவள் எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிறவள் என்பதை மனதில் வைத்துத்தான் எந்த முனையை எதோடு சேர்க்கவேண்டும் என்பதை அப்பா முதலிலேயே முடிவு செய்திருந்தார். இது அவர்கள் இருவருக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.

மாமா அம்மாவின் தம்பி. திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வருவார். பட்டறையின் விற்பனைப் பிரிவு முழுவதும் அவர் ஒருவரே. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஓடாத கடிகாரத்தைக்கூட ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான நேரம் காட்டும் என்று சொல்லி விற்றுவிடுவார் என்பாள் அம்மா. அவர் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். கும்மிடிப்பூண்டியில் செங்கல் சூளை வைத்திருந்த ஒரு முதலாளி புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறார். அதில் முதல் கல்யாணமே அவருடைய மகளுடையது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் வேண்டிய எல்லா ஃபேனும் நாம்தான் செய்யப்போகிறோம்!

பட்டறை அதுவரை இத்தனை ஃபேன்களை ஒன்றாகச் செய்ததில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டதற்கு அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். இந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் பட்டறை நிற்கும். இது கெட்டால், பழைய தொழிற்சாலையில் மேஸ்திரி இன்னும் எனக்கு இடம் வைத்திருக்கிறார், நான் பழையபடி ரயில் ஏறிவிடுகிறேன் என்றார். அம்மா இதைக் கேட்டு நிம்மதியானாள் என்றுதான் நினைக்கிறேன். அத்தைதான் பிசைந்த சோற்றைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். பட்டறை மூடினால் அப்பாவுக்கு வேலை இருக்கிறது. அவளுக்கு அடுப்படியும் முந்தானையும்தான்.

வேலை ஆரம்பித்த காலை, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அப்பா உடனே லேத்துப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ஃபேனின் இரும்புத் தண்டுகளைக் கடைவதற்காக அந்த நாட்களில் பகலெல்லாம் அவர் அங்கேயேதான் கிடந்தார்; தன் பங்குக் கம்பியை ராத்திரியில்தான் சுற்றினார். அவர் தலை மறைந்ததும் மாமா அத்தையிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"யக்கா, கோச்சிக்காத. மொத பெரிய ஆர்டரு. அதுவும் கல்யாண மண்டபம். இந்த ஒரு தபா மட்டும் சோத்தாங்கையில சுத்திடேன். மாமாகிட்ட சொல்லாத, அவருக்கு இதெல்லாம் புடிக்காது."

மாமா என்று அவர் சொன்னது அப்பாவை. அத்தை எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வலது கையால் சுற்றினாள். பழக்கமில்லாத கை. கம்பி அறுந்தது, மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கி, அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். வேலை அதிகம் என்றுதான் அப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. யாருடைய கை எந்தப் பக்கம் சுற்றினால் எனக்கென்ன?

ஒவ்வொரு ஃபேனையும் ஒரு ராத்திரி கூடத்தில் ஓடவிடும் பழக்கத்துக்கு இந்தத் தடவை நேரமில்லை. கரண்ட் வேறு பாதி நாள் இருக்காது. இறக்கைகள் சென்னையில் ஒரு தகரப் பட்டறையில் தயாராகி நேராக மண்டபத்துக்கே போய்விட்டன. அதனால் அப்பா மோட்டாரை மட்டும் மேசை மேல் வைத்து ஓட்டிப் பார்த்தார். சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். இறக்கை இல்லாமல் ஓடுகிற ஃபேன் வெறும் உருண்டை. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு அழகாக, சத்தமில்லாமல் ஓடியது.

கல்யாணத்துக்கு முதலாளி எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். அத்தையும் வருகிறேன் என்றதும் அம்மாவுக்கு ஆச்சரியம். "நம்ம ஃபேனு சுத்துறத நான் பாக்க வேணாமா?" என்றாள். அப்பாவும் மாமாவும் முதல் நாளே போய் ஃபேன்களை மாட்டிவிட்டார்கள். நாங்கள் விடியற்காலையில் வைக்கோல் ஏற்றிப் போன ஒரு லாரியில் முன்பக்கம் உட்கார்ந்து பெரியபாளையம் வழியாகப் போனோம். வழி முழுவதும் எனக்கு வாந்தி. அத்தை என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மஞ்சள் பத்துப் போட்ட கை அது. அந்த வாசனையில் எனக்கு இன்னும் கொஞ்சம் வாந்தி வந்தது.

கும்மிடிப்பூண்டியில் முந்தின நாள் முழுக்க கரண்ட் இல்லை. ஆகவே, ஃபேன்கள் முதன்முதலாகச் சுற்றப்போவது கல்யாணக் கூட்டத்தின் முன்னால்தான். மண்டபம் நிறைந்துவிட்டது. மேளக்காரர்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. முதலாளி ஓடிப்போய் சுவிட்சுகளுக்குக் கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லா ஃபேனும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. எல்லோரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

காற்று வரவில்லை.

ஃபேன்கள் நன்றாகத்தான் சுற்றின. ஆனால் ஒரு பொட்டுக் காற்று கீழே இறங்கவில்லை. மண்டபம் முழுக்கக் கட்டியிருந்த கலர்க் காகிதத் தோரணங்கள் கீழே தொங்குவதை விட்டுவிட்டு மேலே பார்த்துப் படபடத்தன. எங்கோ ஒரு சின்னப் பையன் கை தட்டிச் சிரித்தான். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்துவிட்டது.

அப்பா தோரணத்தைப் பார்த்தார். பிறகு எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே இன்னும் இலை போடவில்லை. ஆள் இல்லாத அந்தக் கூடத்தின் நடுவில் நின்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எந்தக் கையில சுத்துன?"

அத்தை சட்டென்று இடது கையை முந்தானைக்குள் மறைத்தாள். கேள்வி என்ன, பதில் என்ன என்று யோசிக்கிற முன்பே அந்தக் கை தானாக ஓடி ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகுதான், "சோத்தாங்கையில" என்று சொன்னாள். யார் சொல்லி அப்படிச் செய்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழுதாள். அத்தை அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என் கை ராசி அப்டிடா. எந்தக் கையில தொட்டாலும் கெட்டுத்தான் பூடுது. நீ பழைய வேலைக்கே போயிடு."

"உன் கை ஒண்ணும் தப்பு பண்ணலக்கா. அத மாத்தச் சொன்னதுதான் தப்பு" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

பிறகு ஏணி கேட்டார். சாப்பாட்டுக் கூடத்து ஃபேன்களைச் சரிசெய்துவிடலாம், இங்கே ஆள் இல்லை. மண்டபத்தில் கூட்டத்தின் தலைமேல், மணமேடைக்கு நேராக ஏணி போட முடியாது. என்னைக் கூப்பிட்டு, "சாப்பாட்டு நேரத்துக்குள்ள காத்து வந்துடும்னு மாமாகிட்ட போய் சொல்லு" என்றார். நான் ஓடினேன்.

மாமாவைக் கண்டுபிடித்து வேட்டியைப் பிடித்து இழுத்துச் சொல்லி முடிக்கவும் முதலாளி வந்து சேரவும் சரியாக இருந்தது. ஆந்திர எல்லைக்காரர். நல்ல உயரம். கழுத்தில் போட்டிருந்த பட்டுத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா நைனா இது? ஃபேனு சுத்திக்கினே கீது, காத்தக் காணோம்? டப்பு வாங்கிக்கினு பொம்மைய மாட்டிட்டுப் போயிட்டீங்களா?"

மாமாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. மேலே தோரணத்தைப் பார்த்தார். மேடையில் ஐயர் ஓமகுண்டத்தில் சுள்ளி அடுக்குவதைப் பார்த்தார். குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"மொதலாளி, காத்து இப்ப கீழ வரக்கூடாது. வந்தா வெளக்கு அணைஞ்சிடும். ஓமப் பொகை பொண்ணு கண்ணுல பூடும். இது கல்யாணத்துக்குன்னே செஞ்ச ஃபேனு. தாலி கட்ற வரைக்கும் பொகைய மேல இஸ்துக்கும். சாப்பாட்டுக்குக் குந்தும்போது பாருங்க, காத்து எப்டி எறங்குதுன்னு!"

முதலாளி நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஐயர் அக்கினி மூட்டிவிட்டார். வழக்கம்போல ஒரு கிழவர், "ஃபேனை நிறுத்துங்கப்பா" என்று எழுந்தார். எழுந்தவர் வாயை மூடாமல் அப்படியே நின்றார். புகை யார் பக்கமும் திரும்பாமல் நேராக எழுந்து, கூரையில் போய்ப் பரவியது. குத்துவிளக்குச் சுடர் அசையாமல் நின்றது. அனலும் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஐயர் மேலே பார்த்தார், ஒரு புன்சிரிப்புடன் மந்திரத்தின் சுதியை ஏற்றினார். மணப்பெண் கண்ணைக் கசக்காமல், மை கரையாமல், நிமிர்ந்து உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு மணப்பெண்ணை அந்த ஊர் பார்த்ததில்லை. மாமா சொன்னது அத்தனையும் உண்மை என்று நானும் நம்பிவிட்டேன். பாதி நேரத்தில் அவரே நம்பிவிட்டிருப்பார்.

நான் திரும்பி வந்தபோது அப்பா ஏணி மேல் இருந்தார். ஃபேனின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு கம்பி முனைகளைப் பிரித்து, இடம் மாற்றி முறுக்கி, மறுபடி மூடினார். அவ்வளவுதான். ஏணியை நகர்த்தி அடுத்த ஃபேனுக்குப் போனார். கீழே நின்று அத்தை ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள். இடது கையால். அப்பா அதை வாங்கிக்கொண்டார். பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டதும் இறங்கிய காற்றில் இலைகள் பறக்க, தண்ணீர் தெளித்து அமுக்கவேண்டியதாகிவிட்டது. முதலாளி ஒவ்வொரு வரிசையாகப் போய், "பாத்தியா, நைனா சொன்னான்ல" என்று, தானே செய்த ஃபேன் போலப் பெருமையடித்தார். எங்கள் அத்தைக்கு அவர் கையாலேயே லட்டு எடுத்து வைத்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது அப்பா மாமாவோடு பேசவில்லை. பெரியபாளையத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், மாமாவுக்கும் சேர்த்து. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினார். மாமாவும் அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. வீடு வந்து இறங்கும்போதுதான் அத்தையிடம் போய், "யக்கா, நான் ஒரு முட்டாளு" என்றார். அத்தை, "அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்றாள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

ஃபேன் விஷயம் முடியவில்லை. செங்கல் சூளை முதலாளி போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். பொன்னேரியிலிருந்து ஒருவர் வந்து, புகையை மேலே இழுக்கிற கல்யாண ஃபேன்தான் வேண்டும் என்று கேட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மாமா, "எத்தினி வேணும்?" என்றார். அப்பா இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் சுவரில் வைக்கும்படி ஒரு சின்ன சுவிட்ச் செய்தார். ஏணியில் ஏறி அவர் கையால் மாற்றிய அதே இரண்டு கம்பிகளை இந்த சுவிட்ச் மாற்றிவிடும். மேலே தள்ளினால் காற்று மேலே போகும், கீழே தள்ளினால் கீழே வரும். யாரும் குழம்பிவிடக்கூடாது என்று மேல் பக்கம் 'முகூர்த்தம்' என்றும், கீழ்ப் பக்கம் 'பந்தி' என்றும் சிவப்பு பெயிண்டில் தானே எழுதினார். ஃபேனின் வயிற்றில் எங்கள் பட்டறையின் பெயர். அப்பா பழைய ரயிலில் மறுபடி ஏறவேயில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது அப்பா அங்கே ஒரு ஷெட் எடுத்தார். எங்களுக்கு முன்னால் அங்கே முள்ளுக்காடும் பாம்பும்தான் குடியிருந்தன. பழவேற்காடு பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்களும், சுற்று வட்டாரத்தில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். கம்பி சுற்றும் கூடத்துக்கு அத்தைதான் மேஸ்திரி. அங்கே வரிசையாகப் போட்ட அத்தனை மேசையிலும் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. அப்பா அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். இந்த ஷெட்டில் யாராக இருந்தாலும் இடது கையால்தான் சுற்றவேண்டும். அதில் மட்டும் அவர் பிடிவாதம்.

புதிதாக வரும் பெண்கள் முதலில் தவித்துப்போவார்கள். "இன்னாக்கா இது ஒரே பேஜாரு, பீச்சாங்கையில எப்டிக்கா சுத்துறது?" என்று அழாத குறையாகக் கேட்பார்கள். அத்தை பக்கத்தில் நின்று பழக்குவாள். பழகிய பிறகு வேறு தொல்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, பேச்சு மும்முரத்தில் யாராவது இடது கையைச் சோற்றில் வைத்துவிடுவாள். கூடம் முழுவதும் சிரிக்கும். அத்தைதான் எல்லோரையும்விட அதிகம் சிரிப்பாள். சென்னையிலிருந்து வந்த ஒரு வியாபாரி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அப்பா சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க மோட்டாரு அப்படி சார்" என்றார். வியாபாரி பெரிய விஷயம் போலத் தலையாட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சரிடம், இடது கையால் கம்பி சுற்றினால்தான் மோட்டார் ஓடும் என்று எழுந்து நின்று சொல்ல, வகுப்பே சிரித்தது. உங்களுக்குத் தெரியாது, எங்கள் கம்பெனியில் வந்து பாருங்கள் என்று சண்டைக்குப் போனேன்.

விடுமுறை நாட்களில் நான் அந்த ஷெட்டுக்குப் போவேன். அத்தை மேசைகளின் நடுவே நடந்து போவாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடது கைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அவளும் தன் இடது கையை நீட்டி, அங்கே தளர்ந்திருக்கிறது, இங்கே இறுக்கு என்று காட்டிக்கொண்டே போவாள். புதிய ஆட்கள் வந்தாலும், ஆபீசர்கள் வந்தாலும், அந்தக் கை முந்தானைக்குள் போகவில்லை. அப்பா தன் அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பார். மோட்டார்கள் சரியாக வருகின்றனவா என்று கண்காணிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு கம்பி முனைகளை இடம் மாற்றினால் போதும், எந்தக் கையால் சுற்றினாலும் மோட்டார் சரியாக ஓடும். அப்பா அதை என் கண் முன்னால் ஏணியில் ஏறிச் செய்து காட்டினார். ஊர் ஊராக மண்டபச் சுவர்களில் அந்த சுவிட்சைத்தான் விற்றார். அத்தனையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருந்தும் அந்தக் கைப்பிடிகளெல்லாம் இடது பக்கம் இருந்தது மோட்டாருக்காக என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.